தலைப்பொங்கலுக்கு முன்னால் வந்த கார்டு

மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "தையில பாத்துக்கலாம்." புதுப் புடவை என்றால் தையில். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்றால் அதுவும் தையில். எனக்குப் பல்வலி வந்தபோதுகூட மாமனார் அப்படித்தான் சொன்னார், பல்தான் கேட்கவில்லை. காலண்டர்படி ஜனவரி ஒன்றாம் தேதி வருஷம் பிறந்துவிடும். பஞ்சாங்கப்படி சித்திரை வரை பொறுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தள்ளிப்போட்ட காரியங்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாசலில் வந்து நிற்கும் தை முதல் தேதிதான் எங்களுக்கு வருஷப் பிறப்பு.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அப்படித் தைக்குத் தள்ளிப்போட்ட காரியங்களில் என் நாத்தனாரின் வாழ்க்கையும் ஒன்றாக இருந்தது.

திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனாருக்கு மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. விடியும் முன்பே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவார். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பகலில் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், தபால்காரர் கொண்டுவருவதையெல்லாம் வாங்கிப் படித்துச் சொல்வது என் வேலை. எனக்கு அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும்வரை ஆரம்பிக்கமாட்டேன்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆவணியில் அவளை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோயில் வாசலில் பூக்கடை. தலைத்தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தீபாவளி விடியற்காலையில் மாப்பிள்ளையை முதலில் மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைக்க வேண்டும். அவர் குளித்த பிறகுதான் வீட்டு ஆண்கள் குளிக்கலாம். அன்றைக்குப் பார்த்து என் கணவருக்கு ஐந்து மணி டூட்டி. மாப்பிள்ளையோ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளையைத் தட்டி எழுப்புவது எப்படி என்று தயங்கி, டூட்டிக்கும் போயாக வேண்டும் என்பதால், என் கணவர் தானே தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு, அந்த மணையிலேயே உட்கார்ந்து குளித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை எழுந்து வந்து உட்கார்ந்தபோது மணை ஈரமாக இருந்தது.

மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடை வேலை இருக்கிறது என்று மறுநாளே கிளம்பினார். பாப்பா நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். ஊருக்குப் போய்ப் பேச்சுவாக்கில் அம்மாவிடம் ஈர மணையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. "எம்புள்ளைய ஈர மணையில உக்கார வச்ச வீடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நாலு நாள் கழித்து யாரும் கூப்பிட வரவில்லை. கார்த்திகையில் ஆள் அனுப்பிக் கேட்டோம். வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம் என்றார்கள். பிறகு மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் பெண்ணை அழைப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. போதாக்குறைக்கு வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், வீடு நிறைய விருந்தாளிகள், பாய் போட இடமில்லை என்று தகவல் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி நாளில் பாய் போட இடமிருக்காது என்பது உண்மைதான். ஆனால் பொண்டாட்டிக்குமா இடமில்லை என்று அத்தை கேட்டது அதைவிட உண்மை.

சந்தில் இருந்தவர்கள் குழாயடியில் கேட்க ஆரம்பித்தார்கள். "பொண்ணு இன்னும் போகலையா?" பாப்பா தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போதுகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட வந்தது. அழுதாலாவது சமாதானம் சொல்லலாம், அவள் அழவே இல்லை.

மார்கழிக் கடைசியில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பொங்கலன்று காலையில் வருகிறேன், பண்டிகை முடிந்து தை நாலாம் தேதி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: 'அம்மாவைச் சம்மதிக்க வைக்கச் சிரமமாகிவிட்டது. இந்த முறை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தால் நல்லது.' நான் அந்த வரியையும் சத்தமாகப் படித்துவிட்டேன். அத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

போகிக்கு முதல் நாள் தபால்காரர் ஒரு கட்டு கொடுத்தார். எல்லாம் பொங்கல் வாழ்த்து. கரும்புக்கு நடுவில் லட்சுமி, கரும்புக்கு நடுவில் மாடு, கரும்புக்கு நடுவில் பானையோடு சிரிக்கும் ஒரு குடும்பம். வாசற்படியில் நின்றே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். நடுவில், நாலு மூலையிலும் கறுப்பு மை தடவிய ஒரு போஸ்ட் கார்டு இருந்தது.

மூலையில் கறுப்புத் தடவிய கார்டு என்றால் சாவுச் செய்தி. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படித்தேன். துறையூரில் மாமனாரின் பெரியப்பா மகன் காலமாகிவிட்டார். கருமாதி தை எட்டாம் தேதி. ஒரு வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பேசினாலும் பேசாவிட்டாலும் பங்காளி பங்காளிதான். பதினாறு நாள் தீட்டு. தீட்டு வீட்டில் பொங்கல் கிடையாது, புதுப்பானை கிடையாது, மாப்பிள்ளை அழைப்பும் கிடையாது.

மாமனார் இந்த விஷயத்தில் கறார் பேர்வழி. அவர் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் பானையைக் கவிழ்த்துவிடுவார். ஸ்ரீரங்கத்துக்கு ஆள் போகும்: தீட்டு, மாப்பிள்ளை வர வேண்டாம். சம்பந்தியம்மாள் என்ன சொல்வார் என்று என் காதிலேயே கேட்டது. தலைத்தீபாவளிக்கு ஈர மணை, தலைப்பொங்கலுக்குச் சாவு. இந்தப் பெண் வந்த வேளை என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்கு முடிவே இருக்காது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. செத்த நேரத்திலிருந்து தீட்டு இல்லை; செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். தெரியாதவருக்குத் தீட்டு இல்லை. ஆகவே அந்த நிமிஷத்தில் அந்த வீட்டில் தீட்டுப்பட்டவள் நான் ஒருத்திதான். ஐந்தாறு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மற்ற எல்லோரும் சுத்தம். இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கிழித்துப் போட்டிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் கருமாதித் தேதி அதில் இருந்தது. பொங்கல் முடிந்ததும் மாமனாரிடம் காட்ட வேண்டும் என்று எண்ணினேன். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் மீறவில்லை. பக்கத்து நடைவழியாகக் கொல்லைப்புறம் போய், விறகுக் கொட்டகையில், ஆணியில் தொங்கிய பழைய முறத்துக்குப் பின்னால் ஓட்டுச் சந்தில் செருகிவைத்தேன். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

"இப்பத்தான் காலையில குளிச்சே?" என்றார் அத்தை.

"ஒட்டடை அடிச்சேன் அத்தை, தலையெல்லாம் தூசி" என்றேன்.

"ஒட்டடைய நாளைக்குத்தானே அடிக்கணும்" என்றார். நான் தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்று மதியம் மாமனார் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். மார்க்கெட்டுக்குத் துறையூரிலிருந்து தினமும் வண்டி வரும். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது. அவர் வழக்கம்போல ரசத்தில் உப்புக் குறைவு என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வருஷக்கணக்காக ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் எடுக்காமல் பழகிவிட்ட துறையூர்க்காரர்கள், சாவையும் அப்படியே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

போகியன்று நான் அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. எட்டிப் பார்த்தால் அத்தை கையில் அந்தப் பழைய முறம். நான் போவதற்குள் நெருப்பில் போட்டுவிட்டார். வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். கார்டு ஓட்டுச் சந்தில் இருந்தது. முறம் இல்லாததால் ஒரு கறுப்பு மூலை வெளியே தெரிந்தது; உள்ளே தள்ளினேன். அத்தை பார்க்கவில்லை என்று முடிவு செய்தேன். பார்த்திருந்தால் கேட்காமல் இருப்பாரா? குழம்பில் ஒரு மிளகாய் கூடினாலும் கேட்கிறவர்.

அன்று இன்னொன்றும் நடந்தது, அல்லது நடக்கவில்லை. மணப்பாறையிலிருந்து அத்தையின் அண்ணன் வருஷம் தவறாமல் போகிக்குள் பொங்கல் சீர் கொண்டுவந்துவிடுவார். புது அரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, ஒரு டின் முறுக்கு. அத்தைக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வருஷம் அவர் வரவில்லை. கார்த்திகையிலிருந்தே நெஞ்சுச் சளி, படுக்கையில் இருக்கிறார் என்று தகவல் வந்திருந்தது. மற்ற வருஷமாக இருந்தால் அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து என் உயிரை வாங்கியிருப்பார். அன்று ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லை.

"மணப்பாறை மாமா இன்னும் வரலையே அத்தை" என்று நானே கேட்டேன்.

"வருவாங்க. கடையில அரிசி வாங்கிக்கலாம்" என்றார். எனக்கு இருந்த கவலையில் இதெல்லாம் மனத்தில் நிற்கவில்லை.

பொங்கல் காலையில் மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு கூடை மல்லிகை, கழுத்தில் மஃப்ளர். என் கணவர் லீவு போட்டுவிட்டு, மூன்று மணிக்கே எழுந்து, குளிக்காமல் காத்திருந்தார். மணையைத் துணியால் இரண்டு தடவை துடைத்து, வெயிலே வராத நேரத்தில் காயவும் வைத்திருந்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மச்சான், நீங்க முதல்ல குளிங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். என் கணவர் அசையவில்லை. பாப்பா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பல் தெரிந்தது.

முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றினோம். பாலும் தண்ணீரும் காய்ந்துகொண்டிருந்தன. என் கவலையெல்லாம் அரிசி போடும் நேரத்தைப் பற்றித்தான். வீட்டுக்கு விலக்கு என்று சொல்லி ஒதுங்கிவிடலாமா என்று முதல் நாளே யோசித்திருந்தேன். ஆனால் அத்தைக்கு என் தேதிகள் என்னைவிட நன்றாகத் தெரியும். தவிர, மாப்பிள்ளை வரும் நாளில் நான் ஒதுங்கினால் வேலையை யார் பார்ப்பது? ஆகவே எல்லா வேலையும் செய்தேன், பானையை மட்டும் தொடவில்லை. முதல் கை அரிசியை எப்போதும் அத்தைதான் போடுவார் என்பதால் அந்த மட்டில் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன்.

பால் பொங்கியது. எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்றோம். அத்தை அரிசித் தட்டை எடுத்தவர், சட்டென்று என் பக்கம் நீட்டினார்.

"இந்த வருஷம் நீ போடும்மா."

"நீங்க இருக்கறப்ப நானா அத்தை? நீங்களே போடுங்க."

"எனக்கு முட்டி வலிக்குது, குனிய முடியலை. நீ போடு."

காலையில்தான் அவர் குனிந்து அவ்வளவு பெரிய கோலம் போட்டிருந்தார். தட்டு என்னிடம் வந்தது. நான் அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நேரம் போகுது. யாராச்சும் ஒருத்தர் போடுங்க" என்றார் மாமனார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர் செத்தால்தான் தீட்டு; பிறந்த வீட்டுப் பங்காளித் தீட்டு கிடையாது. அந்த முற்றத்தில், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சந்தேகமே இல்லாமல் சுத்தமாக நின்றவள் பாப்பா ஒருத்திதான். "பாப்பா போடட்டும் அத்தை. தலைப்பொங்கல் அவளுக்குத்தானே" என்றேன்.

அத்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுப் பானையில் முதல் அரிசி போடுவதை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "ஆமா, அவ போடட்டும்" என்று தட்டைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டார். பாப்பா மூன்று கை அள்ளிப் போட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனுக்குக் கற்பூரம் காட்டும்போது, தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு நொடி பயந்தேன். சூரியன் துறையூரையும் பார்த்துக்கொண்டுதானே வருகிறான், அவனுக்குத் தெரியாததை நான் ஒன்றும் மறைக்கவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். மாமனார் மண்டி வண்டி மாட்டுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார். அன்று காலையில் குளிப்பதற்கு முன்னால், கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் கனு வைப்பார்கள். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, வெள்ளைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் சிறு சிறு உருண்டையாக வரிசையாக வைத்துக் காக்காய்க்கு விட வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி மூன்று பேர். மளமளவென்று வைத்து முடித்தேன். அத்தை ஒவ்வொரு உருண்டையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைத்தார். அடுத்ததை எடுத்து, அதையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கை வலிக்குதா அத்தை?"

"இல்லையே" என்றார். காக்காய்கள் வந்து என் இலையில் முதலில் இறங்கின. அவர் தன் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார், கடைசியில் ஒரு காக்காய் அதையும் கொத்தும்வரை. பிறகுதான் குளிக்கப் போனார்.

நாலாம் தேதி பாப்பாவைக் கொண்டுபோய் விட வேண்டிய நாள். சீர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இனி அந்தக் கார்டை மாமனாரிடம் கொடுத்துவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். ஓட்டுச் சந்து காலியாக இருந்தது. கொட்டகை முழுவதும் தேடினேன். விறகைப் புரட்டினேன். கார்டு இல்லை.

மாமனார்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் சாதாரணமாக வந்து, மாப்பிள்ளையிடம் கும்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லுங்க, ஒரு குறையும் வைக்கலைன்னு" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். அத்தையும் நானும்தான் ஸ்ரீரங்கம் போனோம். பஸ்ஸில் மடியில் பாத்திர மூட்டை. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, கார்டு யார் கையில் இருக்கிறது, எப்போது வெடிக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. முன் சீட்டில் பாப்பாவும் மாப்பிள்ளையும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

சம்பந்தியம்மாள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். பாப்பாவைப் பார்த்துவிட்டு, "நீதான் அரிசி போட்டியாமே, வா" என்றார். பஸ் ஸ்டாண்டில் கண்ட பூக்காரப் பையனிடம் மாப்பிள்ளை அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிறகு எங்களைப் பார்த்து, "எங்க வீட்டு மணையெல்லாம் காஞ்சுதான் இருக்கும், உக்காருங்க" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சாப்பிட்டோம். பாப்பாவின் பெட்டி உள்ளே போனது. எங்களை வழியனுப்ப வந்தவள், சட்டென்று திரும்பி உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறாளாம். அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இனி யார் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்பும்போது அத்தை பஸ்ஸுக்குப் போகவில்லை. "அம்மா மண்டபத்துக்குப் போயிட்டுப் போலாம்" என்று படித்துறைக்கு நடந்தார். மதியம் கழிந்த நேரம். படியில் கூட்டமில்லை. நாலு படி இறங்கி, தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினார். அந்தக் கார்டு. வியர்வையில் கறுப்பு மை அவர் இடுப்பிலும் விரலிலும் ஒட்டியிருந்தது.

"படிம்மா" என்றார். "எங்கண்ணனா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கார்டைப் பார்க்காமலே சொன்னேன்.

"இல்லை அத்தை. துறையூர். மாமாவோட பெரியப்பா மகன்."

"நல்லாப் பாத்துப் படி. மணப்பாறைன்னு எங்கயும் இல்லையா?"

"இல்லை. துறையூர்தான்."

"எங்கண்ணன் இல்லையே?"

"இல்லை அத்தை."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரொம்ப நேரம் அழுதார். நான் அவர் தோளைத் தொடக்கூடத் துணியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த மனுசனும் ஒருத்தி வீட்டுக்காரருதானே. நான் பாரு, எங்கண்ணன் இல்லைன்னதும் சந்தோசப்படறேன்" என்று அதற்கும் கொஞ்சம் அழுதார்.

போகியன்று முறத்தை எடுத்தபோதே பார்த்துவிட்டாராம். கறுப்பு மூலை தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதும், பாப்பாவுக்காகத்தான் ஒளித்தேன் என்பதும் புரிந்துவிட்டது. என்னிடம் கேட்டால் நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவர் காதில் விழும். பங்காளி என்றால் புருஷனிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது; அண்ணன் என்றால் அழாமல் இருக்க முடியாது. இரண்டில் எது என்றாலும் பொங்கல் நின்றுவிடும். ஆகவே கேட்கவில்லை.

"அரிசிய ஏன் என்கிட்ட நீட்டினீங்க?" என்று கேட்டேன்.

"எங்கண்ணன்னா தீட்டு எனக்கு மட்டும்தான். நீ சுத்தம். பங்காளின்னா எல்லாருக்கும்தான், உன் கையானா என்ன, என் கையானா என்ன? நீ வாங்கமாட்டேன்னதும் பங்காளியாத்தான் இருக்கும்னு ஒரு தைரியம் வந்துச்சு. அப்புறம் நீ வேற ஏதாச்சும் காரணத்துக்குப் பயந்தியோன்னு அந்தத் தைரியமும் போயிருச்சு." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மத்ததெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். அந்தக் கனுதான். இருக்கறவனுக்கு வைக்கிறேனா, செத்தவனுக்கு வைக்கிறேனான்னு தெரியாம ஒவ்வொரு உருண்டையா வச்சேன் பாரு."

நான் மூன்று அண்ணன் தம்பிகளுக்கு மளமளவென்று வைத்து முடித்தது ஞாபகம் வந்தது. அவர் அண்ணன் படுத்திருப்பது எனக்குத் தெரியும். சீர் வராததும் தெரியும். நாலு நாளும் ஒரே அடுப்படியில் நின்றோம். யாருடைய சாவு என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் என்ற மிதப்பெல்லாம் அந்தப் படியில் இறங்கிப் போனது.

கார்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டோம். இரண்டு பேரும் தலைமுழுகினோம். அம்மா மண்டபத்தில் ஒரு துறையூர்க்காரரைப் பார்த்தோம், அவர் சொன்னார் என்று மாமனாரிடம் சொல்வதாகப் பேசிக்கொண்டு, ஈரப் புடவையோடு பஸ் ஏறினோம். மாமனார் கேட்டுவிட்டு, "கருமாதி என்னைக்காம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்ற பிறகும் அவர் உள்ளே வரவில்லை. எட்டாம் தேதி துறையூர் போய், தலையை மழித்துக்கொண்டு வந்தார். ஐந்து நாள் அவரை அழவிடாமல் வைத்திருந்தேன் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாப்பாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் குறையும்.

அதற்கு அடுத்த வாரம் மணப்பாறை அண்ணன் வந்தார். தலையில் அரிசி மூட்டை, கக்கத்தில் முறுக்கு டின், இருமல். உடம்பு இப்போதுதான் தேறியது என்றார். அத்தை அவரைப் படியேறவே விடவில்லை.

"பொங்கலுக்கு வராத ஆளு இப்ப எதுக்கு வந்தே? ஒரு கார்டு போடத் தெரியாதா? செத்தியா இருக்கியான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கார்டு போட்டா மட்டும் நீ படிச்சுருவியா?" என்று அவர் சிரித்தார். அத்தையும் சிரித்துவிட்டு, மூட்டையை அவர் தலையிலிருந்து இறக்கினார். இறக்கிவைத்த பிறகும் அண்ணன் கையை விடவில்லை. அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுக்க, கார்டு எது வந்தாலும், அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை நான் காத்திருந்ததில்லை. அடுப்படிக்கு வெளியே நின்று, எந்த ஊரிலிருந்து என்பதை முதலில் சொல்லிவிடுவேன். மற்றதைப் பிறகு படிப்பேன்.